இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்

அங்கியின் இடது தோளில் மூன்றாவது குண்டூசியைக் குத்தும்போதுதான் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

மூன்றே முக்கால் மணி இருக்கும். மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம் தையல் அறைக்குள் பரவியிருந்தது. மெஷின் எண்ணெய் வாசனையும் இஸ்திரிச் சூட்டில் வதங்கிய பருத்தி வாசனையும் கலந்து, மின்விசிறி நின்றுபோன அறையில் அசையாமல் கிடந்தன. அளவுச் சீட்டை எடுத்து மறுபடி படித்தாள். 'இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்.' முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் தைக்கிறவள் எத்தனையோ கோணல் தோள்களைப் பார்த்திருக்கிறாள். துணியை வெட்டும்போது கை தன்பாட்டுக்கு வெட்டிவிட்டது. இப்போது பொம்மையில் மாட்டிப் பார்த்தால் அந்த வெள்ளை அங்கி ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு இழுப்பு இல்லாமல் அப்படியே உட்கார்ந்தது. அந்தப் பொம்மையோ, அவள் தன் சொந்த அளவுக்குப் பஞ்சடைத்து வைத்துக்கொண்டது.

தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

அவள் தோள் இறங்கியிருப்பது யாருக்கும் தெரியாது. ரவிக்கைக்குள் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு வைத்துச் சமாளித்துவிடுவாள். எட்டு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தது. தள்ளிவிட்டவள் தங்கை. "சொல்லாதக்கா, அடிப்பாங்க" என்று அந்தச் சின்னது நடுங்கியதைப் பார்த்து, தானே விழுந்ததாகச் சொன்னாள். இன்றுவரை அப்படித்தான். தெரிந்தவள் தங்கை ஒருத்திதான்.

சீட்டைக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

பதினான்கு மாதமாக அவள் சபைக்குப் போகவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. ஒருநாள் எல்லாரோடும் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு விலகியிருக்கலாம். ஆனால் விலகினவரோடு உறவுக்காரர்கள் பேசக் கூடாது. எதிரே வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அது சபை வழக்கம். அவளுக்கு இந்த உலகத்தில் இருப்பது தங்கை ஒருத்தி. அதனால் விலகவும் இல்லை, போகவும் இல்லை. கால் வலி என்றாள், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றாள், மூச்சுக் காட்டாமல் இருந்தாள். ஆரம்பத்தில் சபைக்காரர்கள் முறைவைத்து வந்து தலையைத் தின்றார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. தங்கை மட்டும் வாரம் தவறாமல் வந்தாள்.

போன வாரம் இந்த வெள்ளைத் துணியோடு வந்து, "சபையில குடுத்தாங்கக்கா. நீ தைச்சாத்தான் நல்லா இருக்கும்னாங்க" என்றாள். அவள் போன பிறகு தையல்காரி அழுதேவிட்டாள். இன்னும் நம்மை வேண்டும் என்று நினைக்கிறார்களே என்று அழுதாள், பைத்தியக்காரி!

இதே மாதிரி அங்கி ஒன்றை அவள் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் தைத்திருக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், கடிகாரம் பழுது பார்க்கிறவருக்கு. அவரும் இவளைப் போலத்தான், மெல்ல மெல்ல வராமல் போனவர். சபைப் பெரியவரிடமே "உங்க பேச்சுக்கு ஒரு அலாரம் வச்சுத் தரட்டுமா?" என்று கேட்ட குசும்பர். சபையில் அவரவருக்கு ஒரு நாற்காலி. ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்காருவதில்லை. அவருடையது இரண்டு வருஷம் காலியாகக் கிடந்தது. அங்கி போய்ச் சேர்ந்த வாரமே அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். இவளும்தான். கூட்டம் முடிந்து தன்னுடைய ஓடாத கைக்கடிகாரத்தை நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூழாங்கல்லைப் பார்க்கிற குழந்தை மாதிரி. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குக் கூட்டத்தின் நடுவில் யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். திரை இரண்டு விரல் அகலத்துக்குச் சேராமல் நின்றது. அவள் அளவு தப்பித் தைத்த திரை, அதைச் சொல்லியே வருஷக்கணக்கில் கிண்டல் செய்வார்கள். அந்த இடைவெளியில் மழையில் நனைந்த ஒரு ஆண். எல்லாரும் கண்ணைத் தாழ்த்தினார்கள். அவளும் தாழ்த்தினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை?

கைப்பேசியை எடுத்துத் தங்கையை அழைத்தாள்.

"அந்த அங்கி யாருக்குடி?"

"சபைக்கு வர்ற ஒருத்தங்களுக்குக்கா."

"அது என் அளவு."

மறுமுனையில் பாத்திரங்களின் சத்தம் நின்றது.

"அளவு மட்டும்தான் கேட்டாங்கக்கா. வேற ஒண்ணும் கேக்கல."

"தோளையுமாடி சொன்ன?"

"என்னை என்ன பண்ணச் சொல்ற? என் பொண்ணுக்கு வர்ற சம்பந்தமெல்லாம் உன் காலி நாற்காலியப் பாத்துட்டுத் திரும்பிப் போகுது. எத்தனை தடவை கூப்பிட்டேன், கெஞ்சினேன், நீ வந்தியா?" குரல் உடைந்தது. பிறகு, ரொம்பச் சன்னமாக: "இப்ப வந்துடுவ. எல்லாம் சரியாயிடும்."

"நான் வரலையேடி."

தங்கை போனை வைத்துவிட்டாள்.

அடிப்பாவி. உனக்காகத்தானே தோளை மறைத்தேன். உனக்காகத்தானே விலகாமல் கிடந்தேன்.

திரும்பினாள். பொம்மை வெறுமனே நின்றது. அங்கி இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது, மண் வாசனையோடு குளிர்காற்று உள்ளே வந்தது. மேஜைமேல் குண்டூசி டப்பாவையும் காணோம். தங்கை எடுத்திருக்க முடியாது. இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தவள் அவள்தானே. வேறு யார்? காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

நான்கு மணிக்குக் கூட்டம். போய் உட்கார்ந்துவிட வேண்டும். நம்பிக்கை வேண்டாம், ஒன்றும் வேண்டாம், தன் நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துவிட்டால் போதும். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

தெருமுனை மளிகைக்கடைக்காரர், சபைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, சாக்குப் பையை மழைக்கு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, இப்பத்தானே போனீங்க? வெள்ளையா உடுத்திட்டு? கூப்பிட்டேன், சிரிச்சிட்டே போனீங்களே!"

அவள் நிற்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. சபைக் கட்டடத்தின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். உள்ளே பாட்டு. பக்கவாட்டு ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடியில் நெற்றியை ஒட்டினாள். திரை. இரண்டு விரல் இடைவெளி.

மூன்றாவது வரிசை. அவளுடைய நாற்காலி.

காலியாக இல்லை.

வெள்ளை அங்கி. இடது தோள் கச்சிதமாக இறங்கியிருந்தது. பக்கத்தில் தங்கை. அதன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள், சந்தோஷத்தில். பெரியவர் அதன் தலையில் கைவைத்தார். சுற்றிலும் எல்லார் முகத்திலும் கண்ணீர்.

"ஏய்! நான் இங்க இருக்கேன்! இங்க பாருடி!"

கண்ணாடியை அறைந்தாள். பாட்டு நின்றது.

வரிசை வரிசையாகக் கண்கள் தாழ்ந்தன. பெரியவர். கடிகாரக்காரர். கடைசியாகத் தங்கை. அக்காவின் குரல் தெரியாதா அவளுக்கு? தெரிந்தது. தோள் நடுங்கியது. ஆனாலும் தாழ்த்தினாள்.

தாழ்த்தாதது ஒன்றே ஒன்றுதான். அது மெல்ல எழுந்து ஜன்னலுக்கு வந்தது. அவளுடைய நடை. அவளுடைய முகம். வேலையில் இருக்கும்போது அவள் வைத்துக்கொள்வது போலவே உதடுகளுக்கிடையில் வரிசையாகக் குண்டூசிகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, மூச்சின் ஆவி படியாமல், அவளை மேலும் கீழும் பார்த்தது. அளவெடுப்பது போல.

பிறகு திரையின் இரண்டு ஓரங்களையும் விரலால் சேர்த்துப் பிடித்தது. வாயிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தது. கீழிருந்து மேலாக, ஊசியின் தலை அடியில் நிற்கிற மாதிரி குத்தியது. ஊரில் அவள் ஒருத்திதான் அப்படிக் குத்துவாள்.

இன்னொன்று.

இன்னொன்று.