குடவோலை சொன்ன பெயர்

காலை பத்து மணிக்குக் குடவோலை வாய் திறக்கும்வரை, அன்று எந்த நிதி நிறுவனத்தின் பெட்டகம் சோதிக்கப்படும் என்பது நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் தலைவருக்கே தெரியாது. முன்பெல்லாம் சோதனை அதிகாரியின் கார் கிளம்புவதற்குள் நிறுவனத்துக்குப் போன் போய்விடும். அந்தக் கூத்தை ஒழிக்கத்தான் ஆணையத்தின் பொறியியல் அதிகாரி தாட்சாயணி குடவோலை என்ற இந்தக் குவாண்டம் கணினியைக் கட்டினார். உறைகுளிர்க் குடத்துக்குள் துகள்கள் தம் இஷ்டத்துக்கு விழும். அதன்படி மூவாயிரம் நிறுவனங்களில் ஒரு நாளைக்கு ஒரு பெயர் வரும். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் இயற்கையிடமே பதில் கிடையாது. பிறகு லஞ்சத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

சட்டமும் போட்டார்கள். குடவோலை சொல்லாத பெட்டகத்தைப் போலீஸ்கூடத் திறக்கக் கூடாது.

மக்கள் சும்மா இருப்பார்களா? கொன்றைப்பூ அடகு நிறுவனத்தின் பெயர் ஒன்பது வருடமாக வரவில்லை. ‘குடவோலையே சந்தேகப்படாத நிறுவனம்’ என்று அவர்கள் பேருந்து முதுகிலெல்லாம் விளம்பரம் செய்ய, ஊரே நகையை அங்கே கொண்டுபோய் வைத்தது. குடவோலைக்குச் சந்தேகப்படவே தெரியாது என்று தாட்சாயணி எழுதிய விளக்கத்தை ஒருவரும் படிக்கவில்லை.

கொன்றைப்பூவில் நகை மதிப்பிடும் ஜெபராணி ஒரு மாலை அவரைத் தேடி வந்தாள்.

“பெட்டகத்துல பாதி கவரிங் மேடம். அசலை உருக்கி வித்துட்டாங்க. மீட்க வர்ற ஒண்ணு ரெண்டு பேருக்கு மீதிய வச்சு சமாளிக்கறாங்க. வெள்ளிக்கிழமை முதலாளி குடும்பத்தோட வெளிநாடு கிளம்பறார்.”

ஆணையத் தலைவர் ஆவுடையப்பன் கையை விரித்தார். “பேர் வரட்டும், போவோம்.”

“வரணும்னு கட்டாயம் இல்ல சார்.”

“நீங்க கேட்டு வாங்கின சட்டம்தானே? ஒரு தடவ மனுஷக் கை பட்டா மறுபடி போன் போக ஆரம்பிச்சிடும்.”

அவர் சொன்னது நியாயம்தான். தாட்சாயணிக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சற்று முன், முத்திரையை உடைத்துக் குடத்தின் மூடியைத் திறந்தார். பெயர் வெளியேறும் வழியில் கொன்றைப்பூவைச் செருகிவிடுவது; அப்புறம் வேலை போனால் போகட்டும். விசைப்பலகையில் விரல் வைப்பதற்குள் திரையில் அன்றைய பெயர் தானாகவே விழுந்தது. கொன்றைப்பூ.

தாட்சாயணி சிரித்தேவிட்டார். அதற்குள் எச்சரிக்கை மணி கேட்டு ஆவுடையப்பன் வந்து நின்றார்.

“நான் போடல சார். அதுவா வந்துச்சு.”

“எத வச்சு நம்பறது?”

எதையும் வைத்து நம்ப முடியாது. விழுந்த துகள் தடயம் வைக்காது. அதுதான் இதன் பெருமை என்று மேடைமேடையாகப் பேசியவர் தாட்சாயணியேதான். மூடியிருக்கும்வரை அந்த முத்திரையே பொறிக்குச் சான்று. திறந்த குடத்தின் வாக்கு செல்லாது.

“பேரப் போடத்தான் திறந்தீங்களா?”

“ஆமா.”

அன்றைய தேர்வு ரத்தானது. தாட்சாயணி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். விதிப்படி, காரணத்தோடு அறிவிப்பு எல்லோருடைய கைபேசிக்கும் போனது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டகத்தைத் திறக்க அதிகாரிகளுக்குத்தான் தடை. அடகு வைத்தவர் கடனைக் கட்டிக் கேட்டால் நகையை அன்றே தந்தாக வேண்டும். நாலு தெருக்காரர்கள் ஒன்றாகக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். ஆட்டோ பிடித்துக் கொன்றைப்பூவின் பெரம்பூர்க் கிளைக்குப் போனார். வரிசை வாசல்வரை நின்றது. முதலில் நின்ற பெண் கைக்குட்டையில் சங்கிலியை முடிந்து வைத்திருந்தாள்.

“இங்க வைக்காதீங்கம்மா. முன்னாடி வச்சது இருந்தா இன்னைக்கே மீட்டுடுங்க. உள்ள இருக்கறதுல பாதி கவரிங்.”

“குடவோலை சொல்லுச்சா?”

“சொல்லுச்சு.”

அந்தப் பெண் கைபேசியைப் பார்த்தாள். “அதிகாரி கை வச்சதால செல்லாதுன்னு போட்டிருக்கே.”

“அந்த அதிகாரி நான்தான். குடவோலையக் கட்டினதும் நான்தான். அந்தப் பேர நான் போடல.”

அவள் தாட்சாயணியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். “டிவில வந்தீங்கல்ல? ஆள் சொல்றத நம்பாதீங்க, குடவோலைய நம்புங்கன்னு சொன்னது நீங்கதான?”

“நான்தான்.”

“அதான், குடவோலைய நம்பறேன்” என்று சொல்லிவிட்டு அவள் கவுண்டரில் சங்கிலியை அவிழ்த்து வைத்தாள்.

தாட்சாயணி வரிசையில் அடுத்து நின்றவரிடம் போனார்.