கொரோனேஷன் ஹோட்டலின் கடைசி மேசை

பிஜியின் ஓவலாவுத் தீவில், லெவுகாத் துறையில் அவர்கள் இறங்கியபோது மழை மலையிலேயே தங்கியிருந்தது, ஊருக்குள் வரவில்லை. சூரைமீன் ஆலையின் வாடை கடற்கரைத் தெரு முழுக்கப் படிந்து கிடந்தது. வாசிதி மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்த வாடை ஹோட்டலுக்கு எவ்வளவு முன்னால் நின்றுபோகிறது என்று கவனித்தபடியே நடந்தாள். அது அவள் தொழில்.

தலைநகர் சுவாவில் இருக்கும் தர மதிப்பீட்டு வாரியத்துக்காக ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போடுகிறவள் அவள். கூட வந்த முனேந்த் கவுண்டருக்கும் அதே வேலைதான். இருவரும் கணவன் மனைவி என்று சொல்லி அறை எடுப்பார்கள். தங்கி, சாப்பிட்டு, குறை தேடுவார்கள். கிளம்பும்போதுதான் தாங்கள் யார் என்பதை மேலாளரிடம் சொல்வார்கள். இருவருக்கும் கருத்து மாறுபட்டால் மூத்தவர் சொல்வதே முடிவு. முனேந்த்தான் மூத்தவர். ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த அதிகாரத்தை அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை.

கொரோனேஷன் ஹோட்டல் கடலைப் பார்த்து நின்றது. கப்பல் கம்பெனிக்காரர்கள் காலத்தில் கட்டியது. வெள்ளைத் தூண்கள், நீளமான வராந்தா, பிரம்பு நாற்காலிகள். படியருகே முனேந்த் நின்றார்.

"எங்க தாத்தா கரும்பு வெட்ட வந்தவர். இந்தப் படியில கால் வச்சிருந்தா நாயை அவிழ்த்து விட்டிருப்பாங்க. இன்னிக்குப் பேரன் வந்து மெத்தை விரிப்பை மோந்து பாத்து மார்க் போடப் போறான்."

"இந்த மண்ணுக்கே சொந்தமான எங்க ஆளுங்க மட்டும் என்ன? பின்வாசல், வெறுங்கால், குனிஞ்ச தலை. அப்படித்தான் உள்ள வந்தாங்க."

"நீ நிமிர்ந்தே வா, பொண்டாட்டி."

"பேசாம வாங்க. நட்சத்திரம் போட்டு முடிச்சதும் விவாகரத்து."

உள்ளே அவர்களை வரவேற்றவள் அகனீசி. சாப்பாட்டுக் கூடத்துக்கும் வராந்தாவுக்கும் பொறுப்பானவள், கட்டுமஸ்தான ஓவலாவுக்காரி. முகம் முழுக்கச் சிரிப்பு இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை.

அறையில் வாசிதி கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் விரலை ஓட்டினாள். தூசி இல்லை. குழாயைத் திறந்ததும் வெந்நீர் வந்தது. கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து பார்த்தாள். அங்கேயும் மெழுகுப் பளபளப்பு. அழைப்பு மணியை அழுத்தி விரலை எடுப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. வெளியே பணிப்பெண் நின்றிருந்தாள். ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கினாள்.

குறையே இல்லாத ஹோட்டலை வாசிதி இதுவரை பார்த்ததில்லை. இங்கே ஒரே ஒரு விஷயம்தான் அவளை உறுத்தியது. அவள் இனத்துப் பெண்கள் கூட்டமாக வேலை செய்யும் சமையலறை அது. அங்கிருந்து சிரிப்புச் சத்தமே வரவில்லை.

குளித்துவிட்டு வந்தபோது அவள் செருப்பைக் காணோம்.

தேடிப் போனாள். வேலைக்காரர்கள் ஏறி இறங்கும் பின்படிக்கட்டின் அடியில், சுவரோரமாக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. முனேந்தின் காலணி அறையிலேயே இருந்தது.

"நாங்க யாரும் தொடல மராமா," என்றாள் பணிப்பெண், 'அம்மணி' என்பதற்கான தீவுச் சொல்லைப் போட்டு. தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் காலையிலும் அதே கதை. இத்தனைக்கும் வாசிதி செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. செருப்பு பின்படிக்கட்டில் இருந்தது.

"உன் செருப்புக்கு ஹோட்டல் பிடிக்கல போல," என்று முனேந்த் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பின் வாரை இறுக்கி மாட்டினாள்.

அன்று மாலை தேநீருக்கு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தவர்கள்தான் சுற்றிலும். வராந்தாவின் கடைசியில், தூணை ஒட்டி, ஒற்றை நாற்காலியோடு ஒரு மேசை. வெள்ளைத் துணி விரித்து, ஒருவருக்கான கோப்பையும் தட்டும் வைத்திருந்தார்கள். ஆள் இல்லை.

"அந்த மேசையை மட்டும் விட்டுடுங்க சார்," என்று அகனீசி தாழ்ந்த குரலில் சொன்னாள். "மராமா, நீங்க உள்ள உட்கார்ந்தா நல்லது. கூடத்துல காத்து நல்லா வருது."

"எனக்குக் கடல் தெரியணும்," என்றாள் வாசிதி. விருந்தாளியை இடம் மாறச் சொல்வது குறை. கடைசியில் ஒரு குறை கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள்.

அகனீசி காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் மழை மலையை விட்டு இறங்கியது. காற்று திரும்பி, சாரல் முன்வரிசை மேசைகளில் அடித்தது. எல்லாரும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். முனேந்தின் சட்டை தோள்வரை நனைந்துவிட்டது. அவர் எழுந்து சுற்றிலும் பார்த்தார். நனையாத இடம் ஒன்றே ஒன்றுதான்.

"யாரும் வரலையே," என்று சொல்லிக்கொண்டே கடைசி மேசையில் போய் உட்கார்ந்தார்.

எங்கோ உள்ளே ஒரு மணி அடித்தது.

மின்சார மணி இல்லை. கம்பி இழுத்து அடிக்கும் பழைய மணியின் சத்தம்.

பேச்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின. சுருட்டுப் புகையின் மணம் வந்தது. அதன் அடியில் ஈரக் கம்பளித் துணியின் மக்கிய வாடை. சாரல் நின்றுவிட்டது. மழை மட்டும் அப்படியே பெய்துகொண்டிருந்தது. அதற்குச் சத்தம் இல்லை.

வாசிதியின் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

"உன்னை யார் உட்காரச் சொன்னது?"

அவள் திரும்பினாள். அதுவரைதான் அவளுக்கு நினைவிருக்கிறது.

அடுத்து அவள் உணர்ந்தது தரையின் குளிர்ச்சியை.

வெறுங்காலில் நின்றிருந்தாள். கைகளில் கனமான வெள்ளித் தட்டு. தட்டில் தேநீர்க் கெண்டி. கன்னம் இரண்டும் வலித்தன. ஏன் என்று புரிய ஒரு கணம் ஆனது.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மேசையில் தலைநரைத்த பெண்மணி தன் நிரம்பிய கோப்பையைக் காட்டி, "ரொம்ப நன்றிம்மா," என்றாள். எல்லாக் கோப்பைகளும் நிரம்பியிருந்தன. தான்தான் ஊற்றியிருக்கிறோம் என்பது வாசிதிக்கு மெல்ல உறைத்தது. தட்டைக் கீழே வைக்கப் பார்த்தாள். கைகள் இறங்கவில்லை. நிற்கப் பார்த்தாள். கால்கள் நடந்தன.

கடைசி மேசையை நோக்கி.

சுவரோரமாகப் பணியாளர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

'முனேந்த்' என்று கூப்பிட நினைத்தாள். வாய் சிரித்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை.

அவள் கை கெண்டியின் பிடியைத் தொடவில்லை. அதன் வயிற்றுப் பக்கம் உள்ளங்கையை வைத்து அணைத்துத் தூக்கியது. வெள்ளிக்குள் கொதிக்கும் தேநீர். தோல் வெந்தது அவளுக்குத் தெரிந்தது, வலித்தது, மணமும் வந்தது. விரல்கள் மட்டும் விரியவில்லை.

முனேந்த் கோப்பையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் ஊற்றினாள். துளி சிந்தாமல் ஊற்றினாள். அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

பக்கத்தில் யாரோ முழங்காலிட்ட சத்தம். அகனீசி. உடம்பைத் தாழ்த்தி, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு ஊர்வதுபோல வந்திருந்தாள்.

"புதுசா வந்தவ, துரை," என்றாள். "தெரியாம உட்கார்ந்துட்டா. நான் பாத்துக்கறேன்."

அகனீசி வாசிதியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரல் விட்டபோது உள்ளங்கைத் தோலில் பாதி கெண்டியோடு போயிற்று.

அதற்குப் பிறகுதான் வாசிதியால் அழ முடிந்தது.

சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் அகனீசி அவள் கையைத் தண்ணீரில் வைத்தாள்.

"யாரு அது?"

"யாருக்குத் தெரியும்? தோட்டத் துரைங்கறாங்க, கப்பல் கேப்டன்ங்கறாங்க. சாயங்காலம் தேநீர் போகணும். சூடா போகணும். எதுலயும் குறை இருக்கக் கூடாது. இருந்தா மணி அடிக்கும். அப்புறம் எங்கள்ல ஒருத்திய பிடிச்சுக்கும்."

"அதனாலதான் இங்க ஒரு தூசி கிடையாது."

"இருந்தா விடுவாரா?"

"விட்டுட்டுப் போயிடலாமே."

"போனா மீன் ஆலைதான் மராமா. அங்கயும் நாள் பூரா நின்னாகணும்." அகனீசி துணியைப் பிழிந்தாள். "நம்ம ஆளு ஒருத்தி துரை முன்னால உட்கார்ந்ததே இல்ல. அதான் உள்ள வரச் சொன்னேன். நீங்க கேக்கல."

வாசிதி தண்ணீருக்குள் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர்..."

"வீட்டுக்காரர் இல்ல. கூட வேலை செய்யறவர்."

"அவர் அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டார். நான் உள்ள இருந்த நேரம் பாத்து." அகனீசியின் கை அசையாமல் நின்றது. "அதுல யாரையும் நாங்க உட்கார விட்டதே இல்ல."

"உட்கார்ந்தா என்ன ஆகும்?"

"தெரியாது. ஆனா மராமா, இங்க எப்பவும் ஒரு கனம் இருக்கும். தலைமேல யாரோ கையை வச்சு அழுத்தற மாதிரி. சின்ன வயசுல இங்க வேலைக்கு வந்ததுலேர்ந்து எனக்கு அது தெரியும்." அவள் குரல் தணிந்தது. "இப்ப அது இல்ல."

சமையலறையில் ஒருத்தி சிரித்தாள். தயங்கித் தயங்கி இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது முனேந்த் கட்டுப்போட்ட கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாளைக்கு விவாகரத்து, ஞாபகம் இருக்கா?" என்று வாசிதி பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். தெரியாத மொழியில் பேசுகிறவளைப் பார்ப்பதுபோல இருந்தது.

மறுநாள் மேலாளர் காலின் பிரூவிட் அவர்களைத் தன் அறையில் சந்தித்தார். பிரிஸ்பேன்காரர். கதவு மூடியதும் விருந்தோம்பல் முகத்தைக் கழற்றி வைத்தார்.

"நீங்க யாருன்னு வந்த அன்னிக்கே தெரியும். கதவுமேல விரலை வச்சுத் தேய்க்கிற விருந்தாளி வேற யாரு? சரி, சொல்லுங்க. ஒரு குறை. ஒண்ணே ஒண்ணு."

வாசிதி கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தாள்.

"அந்தக் கெண்டியை நீங்களா எடுத்தீங்க. அத்தனை பேரும் பாத்தாங்க. சிரிச்சுக்கிட்டே ஊத்தினீங்க."

"என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். உங்க ஆளுங்க பயத்துல வேலை செய்யறாங்க."

"பயமோ பிரியமோ, தேநீர் சூடா வருது. உங்க வாரியம் அதைத்தானே அளக்குது?"

"இந்த ஹோட்டலுக்கு ஒரு நட்சத்திரம்கூட தர மாட்டேன். வாரியத்துல நானே நின்னு சொல்வேன். இந்த வராந்தாவை இழுத்து மூடணும்."

"அஞ்சு."

ஜன்னலோரமாக நின்றிருந்த முனேந்த்தான் சொன்னார்.

"முனேந்த், என்ன சொல்றீங்க?"

"அஞ்சு நட்சத்திரம்." அவர் வெளியே பார்த்தபடியே பேசினார். "நல்லாப் பழக்கின வேலைக்காரங்க. இந்தக் காலத்துல கிடைக்கறதில்ல."

குரல் முனேந்தின் குரல்தான். ஆனால் அவர் வாயிலிருந்து 'வேலைக்காரங்க' என்ற சொல்லை வாசிதி கேட்டதே இல்லை. பிரூவிட்டின் முகத்தில் வெற்றிச் சிரிப்பு வரப்போனது. முனேந்த் அவர் பக்கம் திரும்பினார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"ரொம்ப நன்றி, சார்," என்றார் பிரூவிட். அதுவரை அவர் முனேந்தை 'சார்' என்றதில்லை.

படகில் நல்ல கூட்டம். ஓவலாவிலிருந்து பெரிய தீவுக்குப் போகும் ஜனங்கள் சேப்பங்கிழங்கு மூட்டைகளோடும் பிள்ளைகளோடும் பெஞ்சுகளை நிறைத்திருந்தார்கள். யாரோ கிதார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் பளீரென்று அடித்தது. வாசிதிக்கு மூச்சு சற்றே இலகுவானது. ஊர் போய்ச் சேர்ந்ததும் முனேந்தின் மனைவியிடம் பேச வேண்டும், டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே கம்பியைப் பிடித்து நின்றாள்.

முனேந்த் படியேறி மேல்தளத்துக்கு வந்தார்.

கிதார் நின்றது.

முன்வரிசைப் பெஞ்சில் இருந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு எழுந்தாள். பக்கத்தில் இருந்த கிழவர் எழுந்தார். அவருடைய மகன்களும் எழுந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. பெஞ்சு முழுக்கக் காலியானது. அவர்கள் எல்லாரும் இரும்புத் தளத்தில், கால்களை மடக்கி உட்கார்ந்தார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

முனேந்த் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

எழுந்திருங்க, இவர் யாருமில்ல, சாதாரண மனுஷன், என்று அந்த ஜனங்களிடம் சொல்ல வாசிதி வாயைத் திறந்தாள்.

தளத்து இரும்பு வெயிலில் சுட்டது. உள்ளங்கையில் சுட்டது. முழங்காலிலும் சுட்டது.

அவள் எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.