மார்ட்டா சேர்த்த மழை

குடிவரவு அதிகாரி ஹால்வோர்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மழையை விட்டுவிட்டீர்கள்."

"நான் ஊரைவிட்டு ஓடின அண்டைக்கு மழை இல்லை," என்றார் புகலிடம் கேட்டு வந்திருந்த குணநாயகம். மொழிபெயர்ப்பாளர் சுகந்தினி அதைத் தயங்கித் தயங்கி அதிகாரியின் மொழியில் சொன்னாள்.

"இல்லையா? எனக்கு இன்னும் குளிர்கிறதே!"

குளிராமல் என்ன செய்யும்? போன வருடம் மார்ட்டா என்ற கலைஞர், நினைவுவார்ப்பி என்ற கருவியைக் குணநாயகத்தின் தலையில் கவிழ்த்து, அவர் ஊரைவிட்டு ஓடிய நாளின் நினைவைப் பிரதி எடுத்திருந்தாள். அருங்காட்சியகத்துச் சாய்கதிரையில் பதினொரு நிமிடம் படுத்தால் போதும். அந்த நாள் உங்களுக்கும் நடந்ததாகிவிடும், ஆயுள் முழுக்க. நகரமே வரிசையில் நின்று அகதியாகி, விம்மி அழுது, பிறகு மாடியில் கேக் சாப்பிட்டது. அரசாங்கமும் உருகிப்போய், விசாரணை அதிகாரிகள் எல்லோரும் ஒருமுறை அகதியாகிவிட்டுத்தான் வேலைக்கு வரவேண்டும் என்று சட்டம் போட்டது. மனுக்காரர் சொல்வதைப் பிரதியோடு ஒப்பிடவும் வசதியாயிற்று.

ஆனால் மார்ட்டா பிரதியைக் கொஞ்சம் செப்பனிட்டிருந்தாள். தனிமை துலங்கவில்லை என்று குணநாயகத்தின் தம்பியை எடுத்துவிட்டாள். வெயில் சோகத்துக்குப் போதாது என்று மழை சேர்த்தாள்.

"சரி, மழை பெய்தது எண்டே போடுங்கோ," என்றார் குணநாயகம்.

ஹால்வோர்சன் மகிழ்ந்து எழுதினார். "தோளில் தம்பியைச் சுமந்ததாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அதையும் நீக்கிவிடுவோம். நான் அங்கே இருந்தேன் ஐயா. கூட ஒருவரும் இல்லை. தோள் நனைந்திருந்தது, அவ்வளவுதான்."

"அது அவன்ர ரத்தம்."

சுகந்தினி அதை மொழிபெயர்க்கவில்லை. குணநாயகத்தின் பக்கம் குனிந்தாள். "அண்ணை, ஓமெண்டு தலையாட்டுங்கோ. இப்பவே விசா தருவார். இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். செத்த பிள்ளை கோவிக்காது."

"ஏழு வயசு, தங்கச்சி. ஓடேக்கை எல்லாரும் இறக்கிப்போட்டு வா எண்டுதான் கத்தினவை." குணநாயகம் அதிகாரியின் பக்கம் கையைக் காட்டினார். "தம்பி இருந்தவன். எழுதச் சொல்லும்."

சுகந்தினி சொன்னதை அதிகாரி பெருமூச்சோடு எழுதினார். 'பிரதியோடு முரண்படுகிறது' என்று மேசைக் கணினியின் திரை உடனே சிவந்தது. மனு தானாகவே தள்ளுபடியாகி, கதவு திறந்து, காவலர் இருவர் உள்ளே வந்தார்கள்.

சீருடையைக் கண்டதுதான் தாமதம், ஹால்வோர்சன் நாற்காலி சரிய மேசைக்கடியில் பாய்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைப் பொத்தி, மூச்சை அடக்கினார்.

குணநாயகம் குனிந்து பார்த்தார்.

"எழும்புங்கோ ஐயா," என்றார். "உங்களை இல்லை. என்னைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கினம்."