முப்பதாம் நாள் நேரில் வரவும்

அவள் மேசை இழுப்பறைக்குள் கிடந்த ஆபீஸ் போன் மாலை நான்கு மணிக்கு ஒருமுறை நடுங்கி அடங்கியது. வந்திருந்தது ஒரு காயத்தின் படம். அதில் தப்பு ஒன்றுமில்லை. அந்தப் போனுக்குக் காயங்களைத் தவிர வேறெதுவும் வருவதே கிடையாது. தையல் போட்ட வயிறு, பக்கத்தில் வைத்த காகித ஸ்கேல், ஸ்கேலின் மூலையில் நீல மையில் நோயாளியின் எண். அந்த எண்தான் தப்பாக இருந்தது. நாற்பத்தேழு.

நாற்பத்தேழு இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. நாற்பத்தேழு அவளுடைய தங்கை.

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஸ்கேல் சிஸ்டர் என்பார்கள். ஆபரேஷன் முடிந்து வயிற்றைத் தைக்கும் முன் காயத்தை எதனால் கழுவினால் சீழ் பிடிக்காது, வெறும் சலைனா, பழுப்பு நிற அயோடின் கரைசலா என்று இரண்டு வருடமாக அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அதற்கு அவள்தான் நர்ஸ். நோயாளிக்கு எண் கொடுப்பாள், வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் காகித ஸ்கேல் கொடுத்தனுப்புவாள், பதினாலாம் நாளும் இருபத்தோராம் நாளும் அவர்கள் எடுத்தனுப்பும் படத்தைப் பார்த்துப் படிவத்தில் குறிப்பாள். "ஊருக்கெல்லாம் நீ சிஸ்டர், எனக்கு மட்டும்தான் அக்கா" என்று தங்கை வம்புக்கு இழுப்பாள். வீட்டில் தங்கைக்கு வாலு என்று பெயர். குடல்வாலில் வலி என்று டாக்டர் சொன்னபோதுகூட, "வாலுக்கே வால்ல வலியாம்க்கா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள்.

யாரோ எண்ணைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். தொப்புளுக்கு மேலே ஒட்டினாற்போல் இரண்டு மச்சங்கள். தங்கைக்கு மூன்று வயதில் குளிப்பாட்டிவிடும்போது ஒன்று, ரெண்டு என்று எண்ணச் சொல்லிக்கொடுத்ததே அந்த மச்சங்களை வைத்துத்தான். உடம்புக்கு அடியில் நீலக் கட்டம் போட்ட போர்வை தெரிந்தது. அந்தப் போர்வையை முகம்வரை இழுத்து மூடியவள் அவள். அதோடுதான் மண்ணுக்குள் இறக்கினார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள் தங்கை இறந்தபோது அந்தக் காயம் வாய் பிளந்து, ஓரமெல்லாம் கன்றிச் சிவந்து, கட்டுப்போட்ட பஞ்சு மணிக்கொரு தரம் நனைந்துகொண்டிருந்தது. படத்தில் அது மூடத் தொடங்கியிருந்தது. கீழே ஒரு வரி.

"அக்கா, ஆறுதா?"

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். கீழே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும் சக்கரச் சத்தம், பக்கத்து அறையில் யாரோ தும்மும் சத்தம், எல்லாம் எப்போதும்போல் கேட்டன. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பயத்தில் அல்ல, வெட்கமில்லாத ஒரு சந்தோஷத்தில். இரண்டு வருடப் பழக்கத்தில் கட்டைவிரல் தானாகவே போய், எல்லோருக்கும் அனுப்பும் பதிலைத் தொட்டுவிட்டது. நன்றாக ஆறி வருகிறது. முப்பதாம் நாள் நேரில் வரவும். ஸ்கேலை மறக்காமல் கொண்டு வரவும்.

அனுப்பிய பிறகுதான் யாரை வரச் சொன்னோம் என்று உறைத்தது.

போனைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டியிருக்கலாம். காட்டினால் அவர் எண்ணைப் பற்றிக் கேட்பார். எண்ணைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அவள் இத்தனை நாளும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

ஆராய்ச்சியில் ஒரே ஒரு விதிதான் உண்டு. ஒட்டிய உறைகள் வரிசையாக எண் போட்டு இருக்கும்; அடுத்து வருகிற நோயாளிக்கு அடுத்த உறை, அந்த எண்தான் அவருக்கும். உள்ளே சலைனா அயோடினா என்று ஒரு சீட்டு. யாருக்கு எது என்று யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆபரேஷன் அன்று காலை தங்கையின் முறை நாற்பத்தாறு. அறையில் யாருமில்லை. எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியின் மேல் அந்த உறையை வைத்துப் பார்த்தாள். சலைன். வெறும் உப்புத் தண்ணியா? என் வாலுவுக்கா? அடுத்த உறையையும் வைத்துப் பார்த்தாள். அயோடின். மாற்றிவிட்டாள். நாற்பத்தாறாம் உறை, அன்று மதியம் அதே குடல்வாலுக்காக வந்த ஒரு லாரி டிரைவருக்குப் போயிற்று. அவர் ஆறாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

"ரெண்டுல எது நல்லதுன்னு தெரியாமத்தானேம்மா இந்த ஆராய்ச்சியே பண்றோம்" என்று டாக்டர் அடிக்கடி சொல்வார். இரண்டில் எதைப் போட்டாலும் சில காயங்கள் சீழ் பிடிக்கத்தான் செய்யும் என்பது அவளுக்கும் தெரியும். படிவங்களில் அவளே எத்தனை குறித்திருக்கிறாள். ஆனால் அதெல்லாம் மற்றவர்களின் காயம். இது அவள் கைவைத்து மாற்றிய காயம்.

படம் வந்த அன்று இரவு வீட்டில் அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு வாய் சாப்பிடும்மா."

"நீ கூட இருக்கேங்கற தைரியத்துலதான்டி அவ சிரிச்சிக்கிட்டே உள்ள போனா" என்றாள் அம்மா. "'அக்கா எனக்குன்னு நல்ல மருந்தாப் பாத்து எடுத்து வெச்சிருக்கா, யார்கிட்டயும் சொல்லாத'ன்னு என் காதுல சொன்னா."

அவள் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தண்ணீர் இரும்பு வாடையோடு கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அது வேறு வாடையாக மாறியது. அயோடின் வாடை.

இருபத்தோராம் நாள். மணி நான்கு. இழுப்பறை நடுங்கியது.

காயம் அழகாக இருந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். ஓரங்கள் சேர்ந்து, தையல் தடம் மறைந்து, இளஞ்சிவப்பாக ஒரு விரல் நீளக் கோடு. ஆனால் அந்தக் கோட்டைச் சுற்றியிருந்த தோல் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. அதற்கும் அப்பால் பச்சை. ஒரு மச்சம்தான் இருந்தது. இன்னொன்று இருந்த இடத்தில் தோல் இல்லை. போர்வையின் நீலக் கட்டங்களில் ஈரம் ஏறியிருந்தது, ஸ்கேலின் ஓரத்தில் மண் அப்பியிருந்தது.

"அக்கா, காயம் மட்டும் நல்லாருக்கு. மத்ததெல்லாம் ஒரு மாதிரி ஆகுது. பரவால்லதானே?"

பேனா தானாக ஓடியது. சிவப்பு: இல்லை. வீக்கம்: இல்லை. சீழ்: இல்லை. காயத்தைச் சுற்றியிருக்கிற ஆளைப் பற்றிப் படிவத்தில் கேள்வியே கிடையாது. இந்த முறை பழக்கத்தில் எதையும் அழுத்திவிடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். "வராதேடா கண்ணு. நீ வர வேண்டாம்."

பதில் உடனே வந்தது.

"நீதானே வரச் சொன்னே?"

முப்பதாம் நாள் லீவு போட்டுவிடலாம் என்று எட்டு நாளும் நினைத்தாள். ஆனால் காலையில் அவளே தலைவாரி, யூனிஃபார்ம் போட்டு, பஸ் ஏறி வந்து உட்கார்ந்தாள். ஒருவேளை வந்தால்? வந்து, அக்கா இல்லை என்று திரும்பிப் போனால்? அந்த நினைப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் அறைக்கு வெளியே நடைவழியில் ஒரு நீள பெஞ்சு. மூன்றரைக்கு அங்கே யாரோ இருமினார்கள். பிறகு பிளாஸ்டிக் செருப்பின் சத்தம். பிறகு செருப்பில்லாத பாதத்தின் சத்தம், ஒவ்வோர் அடிக்கும் ஈரத்துணி தரையில் ஒட்டிப் பிரிவது போல. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, மேசைமேல் இருந்த படிவங்களின் ஓரம் படபடத்தது, கதவின் அடியிலிருந்து அந்த வாடை மெல்ல வந்தது, அயோடினும் அதற்கடியில் ஈர மண்ணும், மண்ணுக்கும் அடியில் அவள் பெயர் சொல்ல விரும்பாத ஒன்றும்.

கதவு திறந்தது. லாரி டிரைவர்.

"சிஸ்டர், நல்லா இருக்கீங்களா? நாப்பத்தாறு ஆஜர்." பனியனைத் தூக்கி வயிற்றைத் தட்டிக் காட்டினார். "டேங்கர் ஓட்டலாம்போல இருக்கு."

அவள் அவரைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள். சும்மா தலையாட்டினாள்.

"என்னை அப்புறமாப் பாருங்க. வெளிய ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. போர்வையப் போத்திக்கிட்டு, வயித்தப் புடிச்சிக்கிட்டு. பாக்கவே பாவமா இருக்கு. நான்தான் முன்னாடி வந்தேன். இருந்தாலும், என் முறைய நீ எடுத்துக்கம்மான்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சிரிச்சுது சிஸ்டர். 'அது என் முறைதாண்ணே'ன்னுச்சு."

அவர் போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை.

மணி நான்கு.

இழுப்பறைக்குள் போன் நடுங்கவில்லை.

ஈரத்துணிச் சத்தம். ஒன்று. நின்றது. இன்னொன்று. வாசற்படியில் நீலக் கட்டம். அவள் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். மூடவில்லை. நாற்காலி கிரீச்சிட்டது. எதிரே உட்கார்ந்தாயிற்று. முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. மேசையின் விளிம்புக்குக் கீழேதான் பார்த்தாள், எல்லா நோயாளிகளையும் பார்ப்பதுபோல.

நகமில்லாத விரல்கள் போர்வையை விலக்கின. மண் அப்பிய காகித ஸ்கேலை எடுத்துப் பக்கத்தில் வைத்தன. நேராக. கோணலில்லாமல். அவள் சொல்லிக்கொடுத்தபடியே.

"அளந்து பாருக்கா. நீ வெச்ச மருந்து."

அவள் குனிந்தாள்.

ஆறியிருந்தது. அந்த உடம்பில் தோல் என்று சொல்ல மிஞ்சியிருந்ததே அது ஒன்றுதான். ஒரு விரல் நீளம். இளஞ்சிவப்பு. அது மட்டும் மெல்ல ஏறியும் இறங்கியும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.