அஞ்சு வாசலுக்கும் கோலம்

விடிந்ததிலிருந்து வீடே பரபரத்தது. வரிக்காக வீட்டை அளக்கப் பில் கலெக்டர் வருகிற நாள்!

"அத்தே! அஞ்சு வாசலும் மொட்டையா கெடக்குது... தெனம் போடறவங்க, இன்னிக்குப் பாத்து இன்னாத்துக்குக் கோலம் போடல?" மருமகள் நர்மதா கோலமாவு டப்பாவோடு வந்து நின்றாள்.

கெங்கம்மாள் டப்பாவை வாங்கவில்லை. தன் நகைகளை விற்று, கணவர் ராஜமாணிக்கத்தோடு சேர்ந்து வரிசையாகக் கட்டிய ஐந்து லைன் வீடுகள் அவை. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்கள் குடியிருந்தார்கள். தாயை விட்டு வந்த பிள்ளைகள் என்று, அந்த ஐந்து வாசலிலும் அவள்தான் கோலம் போடுவாள். முன்பு அளக்க வந்தவர் கோலங்களைப் பார்த்தே எல்லாம் சொந்தக் குடியிருப்பு என்று எழுதிவிட்டார். வரி குறைந்தது.

"மாத்தி எழுதச் சொல்லணும் கெங்கா..." என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர், சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். இன்று கோலம் போட்டால் அது பொய்யல்லவா!

மகன் தணிகைவேல் வாசல்களில் கிடந்த குடித்தனக்காரர்களின் செருப்புகளை மறைக்க மூட்டையாகக் கட்டினான். "யம்மா, மேல மாடி எடுக்க லோன் கேட்டுக்கினு இருக்கேன். வாடகைன்னு எழுதினா வரி எகிறிடும். நீ கம்முனு இரு!"

பில் கலெக்டர் பென்னி வந்தார். டேப்பை இழுத்து அளந்தார். "எல்லாம் உங்க குடும்பம்தானா?"

"ஆமா சார், சித்தப்பா பசங்க..." என்றான் தணிகைவேல்.

அதே நேரம் 'சித்தப்பா மகன்' ஒருவன் பல் துலக்கியபடி வந்து, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று இந்தியில் முறையிட்டான்!

"இந்த அஞ்சும் வாடகை சார்," என்றாள் கெங்கம்மாள். "முன்னாடி இருக்கறது மட்டும்தான் நாங்க."

பென்னி அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

"பெத்தவளா நீ? நான் நல்லா இருக்கறது உனக்குப் பொறுக்கலயா?" தணிகைவேல் வெடித்தான்.

"ஊட்டைக் கெடுக்கன்னே..." என்று நர்மதாவும் அழுதாள்.

கெங்கம்மாள் இரண்டு புடவைகளைப் பையில் வைத்தாள். "உங்கப்பா பாதில உட்டதை முடிச்சிட்டேன்டா... எனக்கு அது போதும். கடம்பத்தூர்ல தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்."

அவளைப் பார்க்காமலே அவன் வங்கிக்குப் போன் போட்டான். "அன்புசெல்வன் சார், லோன் வேணாம், உட்டுடுங்க! வரி ஏறப் போவுது, எங்கம்மா வாடகைன்னே எழுத வச்சுட்டாங்க!"

"அட! அதுக்குத்தானேங்க ஃபைலை நிறுத்தி வச்சிருந்தேன்!" போனில் வந்த குரல் எல்லோருக்கும் கேட்டது. "சொந்தக் குடியிருப்புன்னு இருந்தா லோனுக்கு வாடகையை எப்படி வருமானமா காட்டுறது? புது ரசீது வந்ததும் எடுத்துக்கினு வாங்க... அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்க!"

போனைக் கீழே போட்டான். வாசல்படி இறங்கிக்கொண்டிருந்த தாயின் காலடியில் போய் விழுந்தான் தணிகைவேல். "யம்மா... உன்னைப் பேசின நாக்கு அழுகிடும் எனக்கு... போவாதம்மா!"

"எழுந்திருடா, துட்டு வருதுன்னதும்தான் அம்மா தெரியறாளா?" என்றவள், அவன் அழுத அழுகையில் தானும் உடைந்து அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். நர்மதா பையைப் பிடுங்கி உள்ளே வீசினாள்; கோலமாவு டப்பாவை நீட்டினாள்.

"இப்பப் போடலாம்ல அத்தே?"

உச்சி வெயிலில் வாசல் தெளித்து, அஞ்சு வாசலுக்கும் கோலம் போட்ட மாமியாரையும் மருமகளையும் தெருவே நின்று பார்த்தது.