சுங்குடிக்குள் இரண்டு கண்கள்

2002 அக்டோபர் 19, சனிக்கிழமை. கணினியில் டிவி பார்க்கும் அட்டையை விற்ற கடைக்காரர், அதை இயக்கும் டிரைவர் வட்டைத் தவறாகக் கொடுத்தது அநியாயம். ஒரு வாரம் கேட்டும் ஆள் அனுப்பாதது அதனினும் அநியாயம்.

ஆகவேதான், எதிர்வீட்டுக் கணினியைப் பழுதுபார்த்துவிட்டு மழைக்கு ஒதுங்கிய பேரையூர்ப் பாண்டியராஜனை, திருநகர்ச் சேலை வியாபாரி ராமதாஸ் உள்ளே அழைத்தார்.

பாண்டியராஜன் சோதித்துப் பார்க்கத் தன் கைக்கேமராவை அட்டையில் இணைத்தான். படம் வரவில்லை. திரையிலிருந்த டிவி ஜன்னலை மூடிவிட்டு, வயரைப் பார்க்கக் கேமராவுடன் மேசைக்குப் பின்னே குனிந்தான்.

ராமதாஸின் மகள் மீனலோசனி கணினி முன் உட்கார்ந்தாள். திங்களன்று சென்னை வியாபாரிக்குக் காட்ட, அவள் அதில் வரைந்து வைத்திருந்த சுங்குடிச் சேலை வடிவம் பிழைத்திருக்கிறதா? திறந்தாள்.

அடர்ந்த ரோஸ் நிறம்... வெள்ளைப் புள்ளிகள்... அவற்றினிடையே இரண்டு கண்கள்!

கரிய, ஈரக் கண்கள். அவை இமைத்தன. சேலையைச் சற்றே நகர்த்தினாள். சேலை நகர்ந்தது, கண்கள் நகரவில்லை...

"யாரது... என் சேலைக்குள்ள?"

"எந்தச் சேலைங்க?"

குரல் மேசைக்குப் பின்னாலிருந்து வந்தது. உதடுகளோ சேலைக்குள் அசைந்தன. அவள் அலறிவிட்டாள்.

அவன் கேமராவும் கையுமாக ஓடிவந்தான். "அட, என் மூஞ்சிதாங்க! பேயவிட மோசமாவா இருக்கேன்?"

"கிட்டத்தட்ட..." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டிவி படத்துக்கு இந்த ரோஸ் கலருதான் வாசல்; திரையில இந்தக் கலரு எங்க இருக்கோ, அங்க படம் தெரியும். தப்பான டிரைவரு, மூடுன பெறகும் படத்த விட்டுருச்சு. வேற கலரு போடுங்க."

"எங்க சுங்குடிக்கு இதுதான் அழகு. மாத்தமாட்டேன்."

"அம்புட்டு வீம்பா? அப்ப டிரைவர மாத்துவோம்."

அவன் குனிந்தபோது, கேமராவில் இருவர் முகங்களும் விழுந்தன. சேலைக்குள் இரு முகங்கள், மணமேடையில்போல... அந்நேரம் பார்த்து ராமதாஸ் உள்ளே வந்தார். அவர் முகம் இருண்டது.

பாண்டியராஜன் தன் பையிலிருந்த சரியான டிரைவர் வட்டைப் போட்டான். சேலை தெளிந்தது. ஒரு புள்ளிகூடக் கெடவில்லை.

ஆயினும் ராமதாஸ், தங்கள் சௌராஷ்டிர மொழியில் மகளிடம் சீறினார்.

"என்ன சொல்றாருங்க?" என்றான் அவன்.

மீனலோசனி யோசித்தாள்: 'ஒன்றுமில்லை' என்றால் போய்விடுவான். பிறகு யாரை எங்கே தேடுவது?

"இனிமே நீங்க இந்த வாசப்படி மிதிக்கக்கூடாதுங்கிறாரு..."

அவன் பையை எடுத்தான். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் தந்தையைப் பார்த்தாள். பிறகு, அவருக்கும் விளங்கட்டுமென்று தமிழிலேயே உரக்கச் சொன்னாள்:

"நான் வரணுங்கிறேன். நாளைக்கே... உங்க அம்மாவையும் கூட்டிட்டு."

பாண்டியராஜன் மழை ஓய்ந்த தெருவில் இறங்கியதும், ராமதாஸ் கதவைச் சாத்தினார்.

பெண்ணைப் பெற்ற வாசகரே, உங்களைத்தான்! நாளை அவர்கள் வரும்போது கதவைத் திறந்துவிடுங்கள், சாதி கேட்காதீர்கள்!