தேய்த்தாலும் போகாத கறுப்பு

பள்ளியில் மருத்துவப் பரிசோதனை நாள். வராந்தாவில் இருந்தவர்கள்: நர்ஸ், எடை மெஷினுக்குப் பக்கத்தில் விசிலோடு பி.டி. சார், சுவரோரமாக ஒன்பதாம் வகுப்பு முழுவதும். கூடவே, பாத்ரூம் போகிறேன் என்று பொய் சொல்லி வந்த ஐந்தாம் வகுப்பு வாலு.

இல்லாதவன் ஒருவன்தான். வாலுவின் அண்ணன்.

"தண்ணி லாரி எங்கடா?" என்று கேட்டார் சார்.

"லாரி ஏறினா மெஷின் செத்துரும் சார்! அதான் ஓடிட்டான்" என்றான் ஒரு பையன்.

வராந்தாவே சிரித்தது. வாலுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று காலையில் அம்மா அண்ணனின் கழுத்தை பிரஷ்ஷால் தேய்த்தாள். "பதினாலு வயசாச்சு, ஒழுங்கா குளிக்கத் தெரியல!" தோல் சிவந்துபோனது. கழுத்தைச் சுற்றியிருந்த கறுப்பு மட்டும் அசையவில்லை. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தான். உடனே இன்னொரு பாட்டில்.

அழுக்கு என்றால் போக வேண்டாமா? அப்போதிருந்தே வாலுவுக்கு இதே கேள்வி.

அவள் நர்ஸிடம் போய்க் கிசுகிசுத்தாள். "அக்கா, எவ்வளவு தேய்ச்சாலும் போகாத அழுக்கு இருக்கா?"

நர்ஸின் பேனா நின்றது. "கழுத்துலயா?"

இவருக்கு எப்படித் தெரியும்? "ஆமா. எங்க அண்ணனுக்கு."

"தண்ணி நிறைய குடிப்பானா?"

"அதனாலதான் தண்ணி லாரின்னு பேரு."

நர்ஸ் சிரிக்கவில்லை. அதுதான் வாலுவை இன்னும் பயமுறுத்தியது.

"அது அழுக்கு இல்லம்மா. சர்க்கரை நோய் வர்றவங்களுக்குச் சில சமயம் கழுத்து இப்படிக் கறுக்கும், தாகமும் எடுக்கும். ரத்தத்துல சர்க்கரை ஏறியிருக்கான்னு பாக்கணும். கூட்டிட்டு வா."

"செத்துருவானா?"

"அப்படி எதுவும் ஆகக் கூடாதுன்னுதான் இன்னிக்கே பாக்கணும்ங்கிறேன்."

"இங்க வரமாட்டான். சார் எல்லாரோட எடையையும் கத்திச் சொல்றாரு."

நர்ஸ் சாரைப் பார்த்தார். சார் தன் விசிலைப் பார்த்தார். வாலு மெஷினைப் பக்கத்து அறைக்குள் இழுக்க ஆரம்பித்தாள்.

அண்ணன் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தான். கையில் காலி பாட்டில்.

"போடி. நான் வரல."

"அண்ணா, அது அழுக்கு இல்லையாம். நீ நல்லாத்தான் குளிக்கிற."

அவன் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "அப்ப என்னவாம்?"

"ரத்தம் எடுத்துப் பாத்தாதான் தெரியுமாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"மெஷின்?"

"உள்ள வெச்சாச்சு. நான்தான் இழுத்தேன். உன்னைவிட அதுதான் கனம்."

அவன் உதடு கொஞ்சம் கோணியது. "எத்தனை கிலோன்னு..."

"எனக்குக்கூடச் சொல்ல வேணாம்."

அவன் எழுந்து அவளோடு நடந்தான். வராந்தாவில் எவனோ "பாம்ம்... பாம்ம்" என்று லாரி ஹாரன் அடித்தான். அண்ணனின் கால் நின்றது. வாலு அவன் விரலைப் பிடித்தாள், வியர்வையில் வழுக்கியது. பி.டி. சார் விசிலை ஊதினார். ஹாரன் அடங்கியது.

அண்ணன் நர்ஸ் காத்திருந்த அறைக்குள் போனான். வாலு கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் 'டக்'கென்று விழும்வரை கைப்பிடியை விடவில்லை.